அரை நாளில் ஆழ்கடல்: கோனா படகுகளின் கணக்கு

"அரை நாள் தனிப்படகு மீன்பிடிப் பயணம்" என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் எனக்கு எழுந்த கேள்வி மீனைப் பற்றியது அல்ல, தூரத்தைப் பற்றியது. நாலு மணி நேரத்தில் ஆழ்கடலுக்குப் போய், தூண்டிலும் போட்டு, எப்படித் திரும்பி வர முடியும்? அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஓஷன் சிட்டி என்று ஓர் ஊர், மார்லின் மீனுக்குப் பேர் போனது. ஆனா அங்கே மார்லின் திரியும் ஆழத்துக்குப் போகவே 80, 100 கிலோமீட்டர் ஓட்டணும். இருட்டில் கிளம்பினால் திரும்புவது சாயங்காலம்தான்.

ஹவாய்த் தீவின் மேற்குக் கரையான கோனாவில் நாலு மணி நேரம் போதும். அந்தத் தீவே கடல் தரையிலிருந்து எழுந்த எரிமலை. கரையை ஒட்டி அகலமான கண்டத்திட்டு கிடையாது. மலைச்சரிவு அப்படியே தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறது. இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி ஒரு குழாய். கோனா விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இயற்கை ஆற்றல் ஆய்வகம், சுமார் 900 மீட்டர் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீரை உறிஞ்சுகிறது. அந்தக் குழாயின் நீளம் ஏறக்குறைய 3 கிலோமீட்டர்தான்! துறைமுகத்தை விட்டு வெளியே வந்த கொஞ்ச நேரத்திலேயே தூண்டிலை இறக்கிவிடலாம்.

இன்னொரு சாதகம் காற்று. வடகிழக்கிலிருந்து வரும் வணிகக் காற்றை மௌனா கேயா (4,207 மீட்டர்), மௌனா லோவா (4,169 மீட்டர்) என்ற இரண்டு மலைகளும் மறித்துவிடுகின்றன. அதனால் மலைக்குப் பின்னால் கடல் பெரும்பாலும் அமைதி. பக்கத்துக் கால்வாய் வழியே பீறிட்டு வரும் காற்று தீவின் மேற்கே பெரிய நீர்ச்சுழல்களை உண்டாக்கும். அவை அடியாழத்துச் சத்துக்களை மேலே கொண்டுவரும். அதைத் தேடி மிதவை உயிரிகள், அவற்றைத் தின்ன சின்ன மீன், பிறகு சூரை, கடைசியில் மார்லின். 1982-ல் 1,376 பவுண்டு (624 கிலோ) எடையுள்ள நீல மார்லின் பிடிபட்டது இந்தக் கரையில்தான்.

படகில் நடப்பது பெரும்பாலும் ட்ரோலிங். பிளாஸ்டிக் பொய் இரைகளை நுரைக்குப் பின்னால் இழுத்தபடி, சுமார் 8 நாட் வேகத்தில் ஓட்டிக்கொண்டே இருப்பது. நாலு மணி நேரத்துக்கு 32 கடல் மைல், அதாவது 59 கிலோமீட்டர். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது இந்த 59 கிலோமீட்டரைத்தான், மீனை அல்ல.

சரி, மாட்டுமா? ஒரு பேச்சுக்கு, எட்டு மணி நேரத்தில் சராசரியாக ஒரு மார்லின் கடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். பாய்சான் கணக்குப்படி, அரை நாளில் ஒன்றுகூடக் கடிக்காமல் போகும் வாய்ப்பு சுமார் 61%. முழு நாளுக்கு எடுத்தாலும் 37%. நான் போன காலையில் இரண்டு சூரை, ஒரு மாஹி மாஹி. மார்லின் கண்ணில் படவே இல்லை. எனக்கு அதில் குறையொன்றும் இல்லை.

தனிப்படகு என்றால் வாடகை படகுக்கு, ஆளுக்கு அல்ல. இந்த ரகப் படகுகளில் வழக்கமாக ஆறு பயணிகள் வரைதான் ஏற்றுவார்கள். ஆனா சண்டை போடும் நாற்காலி ஒன்றுதான்! யார் முதலில், யார் அடுத்து என்று கரையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். மீன் மாட்டிய பிறகு இன்னொருவர் ராடையோ ரீலையோ தொட்டால், சர்வதேச விதிப்படி அந்த மீன் சாதனைக் கணக்கில் சேராது. வேடிக்கைக்குப் போகிறவர்களுக்கு இது ஒரு பொருட்டில்லை, கை மாற்றிக்கொள்ளலாம்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: கோனாவில் பிடிபட்ட மீன் படகுக்குச் சொந்தம் என்பது பழைய வழக்கம். கேப்டன் அதை விற்பார், உங்களுக்குச் சமைக்கக் கொஞ்சம் வெட்டிக் கொடுப்பார். கேட்க அநியாயமாகத் தோன்றும். ஆனா 200 கிலோ மீனை ஹோட்டல் அறைக்குக் கொண்டுபோய் என்ன செய்வது? என்னை உறுத்துவது வேறு. விற்கலாம் என்ற ஆசை இருக்கும்போது, பெரிய மார்லினைத் தண்ணீரிலேயே விட்டுவிட மனசு வருமா? விட்டுவிடும் படகுகளும் நிறைய இருக்கின்றன. அதனால் முன்பணம் கட்டும் முன்பே, மார்லின் மாட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிடுங்கள். விடப்போகும் மீன் என்றால் மெல்லிய நரம்பில் மணிக்கணக்காக இழுத்து விளையாடக் கூடாது; களைத்துப்போன மீன் விட்டாலும் பிழைக்காமல் போகலாம்.

முடிந்தால் காலைப் பயணத்தையே எடுங்கள். மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்பி அலை கூடும். குமட்டலுக்கான மாத்திரையைப் படகில் ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளணும், தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை.