அமுக்குவான் பேயும் அசையும் கண்ணும்

எங்க மாமாவுக்குத் துறைமுகத்தில் கன்டெய்னர் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் நைட். நைட் முடிஞ்சு வண்ணாரப்பேட்டை வீட்டுக்கு வந்து மல்லாந்து படுத்தால், சில நாள் திடீர்னு முழிப்பு வரும். ஃபேன் சுத்துறது தெரியும். அடுப்படியில் அத்தை பாத்திரம் உருட்டுறது கேட்கும். ஆனால் விரல்கூட அசையாது, கத்தினாலும் சத்தம் வராது. நெஞ்சு மேல யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்குமாம்.

"அமுக்குவான் பேய்டா, வேற இன்னா?" என்று ஆயா தலையணைக்கு அடியில் இரும்புச் சாவியை வைத்தார். அத்தை அதோடு விடவில்லை. எதிர் போர்ஷன் அக்காதான் செய்வினை வைத்துவிட்டார் என்று முடிவுகட்டி, பேச்சையே நிறுத்திவிட்டார். ஒரே குழாயில் தண்ணி பிடிக்கிற ரெண்டு வீடு! இதற்காகத்தான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

தெளிவான கனவுகள் பெரும்பாலும் வருவது, மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக ஓடும் உறக்கக் கட்டத்தில். 1953-இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் இதைப் பதிவு செய்தார்கள். அந்த நேரத்தில் மூளைத்தண்டு உடம்பின் தசைகளைப் பூட்டிவிடுகிறது. இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவன் நிஜத்தில் சுவரில் போய் முட்டுவான். பூட்டு விழாத இடங்கள் முக்கியமாக இரண்டு: கண் தசைகள், மூச்சை இழுக்கும் உதரவிதானம்.

பூட்டு திறக்கும் முன்பே மனசு விழித்துக்கொண்டால் அதுதான் உறக்க முடக்கம். விலா எலும்புத் தசைகள் தளர்ந்து கிடப்பதால், பயந்துபோய் ஆழமாக மூச்சு இழுத்தால் வராது. நெஞ்சு அமுங்குவது இதனால்தான்.

சரி, அந்தக் கறுப்பு உருவம்? அதற்கு விளக்கம் தேடியவர்களில் ஒருவர் எங்க பேட்டையிலேயே படித்தவர். ஸ்டான்லியில் எம்.பி.பி.எஸ். முடித்த வி.எஸ். ராமச்சந்திரன், இல்லாத கையின் வலிக்குக் கண்ணாடிப் பெட்டியால் தீர்வு தேடியவர். 2014-இல் அவரும் பாலண்ட் ஜலாலும் ஒரு கருதுகோள் சொன்னார்கள். 'அசை' என்று மூளை கட்டளை போடுகிறது, உடம்பிலிருந்து பதில் வரவில்லை. மூளைக்குள் இருக்கும் உடல் வரைபடம் அதில் குழம்பி, நம் உருவத்தையே வெளியே ஒரு ஆளாகக் காட்டிவிடுகிறது என்று. இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் மேல் பழி போடுவதைவிட எவ்வளவோ மேல்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இனிமேல்தான். அதே பூட்டுக்குள் மனசு விழித்து, ஆனால் கனவு கலையாமல், 'இது கனவு' என்று தெரிந்துவிட்டால்? அதுதான் தெளிகனவு. தூங்குகிறவன் அதை வெளியே எப்படிச் சொல்வான்? பூட்டாத கண்ணால்! 1975-இல் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் முன்னிலையில் தூங்கிய ஆலன் வொர்ஸ்லி, பேசி வைத்தபடியே கனவுக்குள்ளிருந்து விழியை இடமும் வலமும் அசைத்தார். பிறகு ஸ்டான்ஃபோர்டில் லபெர்ஜும் தனியாக இதைக் காட்டினார். 2021-இல் வெளிவந்த ஆய்வில், கனவில் இருந்த ஒருவரிடம் 8-இல் 6 போனால் எத்தனை என்று கேட்க, அவர் கண்ணை இரண்டு முறை அசைத்துப் பதில் சொன்னார்.

கனவில் தொடுவது அவ்வளவு நிஜமாக இருப்பது ஏன் என்பதற்கும் ஒரு துப்பு இருக்கிறது. 2011-இல் மியூனிக்கில், ஒருவர் தெளிகனவில் கையை இறுக்கியபோது ஸ்கேன் எடுத்தார்கள். விழித்திருந்து கையை இறுக்கும்போது வேலை செய்யும் மூளைப் பகுதியே அப்போதும் வேலை செய்தது.

இதற்காக அலாரம் வைத்து நடுவில் எழுந்து பழகுகிறவர்கள் உண்டு. தூக்கத்தை அப்படி உடைத்தால் அமுக்குவானும் கூடவே வரலாம். ஷிப்ட் ஆட்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

மாமாவிடம் சொன்னது இவ்வளவுதான்: ஒருக்களிச்சுப் படுங்க, தூக்கத்தைக் குறைக்காதீங்க. வந்தால் போராடாதீங்க, கண்ணை உருட்டுங்க, கால் விரலை ஆட்டப் பாருங்க. கொஞ்ச நேரத்தில் தானாக விட்டுவிடும். பகலில் அடக்க முடியாத தூக்கம் வந்தாலோ, சிரிக்கும்போது முட்டி மடங்கினாலோ டாக்டரைப் பார்த்தே ஆகணும்.

இப்போது வருவது குறைந்திருக்கிறது என்கிறார். சாவியை எடுக்க ஆயா விடவில்லை. அத்தை எதிர் வீட்டோடு இன்னும் பேசவில்லை. ஆனால் நேற்று குழாயடியில் தன் குடத்தை நகர்த்தி அந்த அக்காவுக்கு இடம் விட்டதைப் பார்த்தேன்.