முதியோரின் பந்தி உரிமை

பிள்ளைகள் பட்டணங்களுக்குப் பிழைக்கப் போய்விட்ட ஒரு வீட்டில், கணவனை இழந்த மூதாட்டி ஒருத்தி, தனக்கு ஒருத்திக்காக அடுப்பு மூட்டுவானேன் என்று காலையில் ஒரு தம்ளர் காப்பியும், மத்தியானம் முந்தைய நாள் சோற்றில் மோரும் ஊறுகாயும், இரவில் இரண்டு பிஸ்கோத்துமாகக் காலம் தள்ளி வருவாளேயானால், அவள் பட்டினி கிடக்கிறாள் என்று அக்கம்பக்கத்தார் எவரும் சொல்லமாட்டார்கள். வயதாகிவிட்டது, ஆகாரம் சுருங்கிவிட்டது என்றுதான் சொல்லுவார்கள். நம்மிடையே ஆழ வேரூன்றிவிட்ட இந்த எண்ணம் பெரும் அபாயத்துக்கு இடமானது. முதுமையில் சரீரத்துக்கு வேண்டிய சோற்றின் அளவு குறைகிறது என்பது மெய். ஆனால் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் ஜீவசத்துக்களும் குறைந்தாலும் பாதகமில்லை என்று எந்த வைத்திய சாஸ்திரமும் சொல்லவில்லை. தசைகள் தாமாகவே மெலிந்துவரும் அந்தப் பருவத்தில், பருப்பும் பாலும் முட்டையும் மீனும் தட்டில் இல்லாமற் போனால், மெலிவு இரட்டிப்பாகி, கால் இடறிய ஒரு நாளில் இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகும் நிலை நேருகிறது. தாக உணர்ச்சியும் மங்கிவிடுவதால், சித்திரை வெயிலில் நா வறண்டும் தண்ணீர் கேட்கத் தோன்றாமல் மயங்கி விழுவோர் பலர்.

இதற்கு மருந்து மாத்திரைகளைவிட முந்திய பரிகாரம், நாலு பேரோடு அமர்ந்து உண்பதுதான் என்பது என் திடமான அபிப்பிராயம். தனியே உண்பவர் பசியை ஏமாற்றிவிட்டு எழுந்துவிடுகிறார். பந்தியில் அமர்ந்தவரோ, பக்கத்து இலைக்காரரின் பேச்சில் லயித்து, இன்னொரு கரண்டி கூட்டையும் கேட்டு வாங்கிக்கொள்கிறார். அதுமட்டுமல்ல, நேற்று வந்தவர் இன்று வரவில்லையே என்று விசாரிக்க ஓர் ஆள் இருக்கிறது.

வடலூரில் 1867-ஆம் ஆண்டு வள்ளலார் நிறுவிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிந்து, வந்தவர் யாவருக்கும் அன்னம் அளித்துவருவதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அது அறம். ஆனால், அறத்தை நம்பிக் காத்திராமல் உரிமையாகவே கேட்கத்தக்க ஒரு வேளை உணவும் நம் நாட்டில் உண்டு என்பதைப் பெரும்பாலோர் மறந்தேவிட்டனர். 1982-ஆம் ஆண்டில் குழந்தைகளுக்கென்று தொடங்கப்பெற்ற சத்துணவுத் திட்டம், மறு ஆண்டிலேயே முதியோர் உதவித்தொகை பெறுவோருக்கும் விரிவாக்கப்பட்டது. உதவித்தொகை பெறும் முதியவர் சத்துணவு மையத்தில் மத்தியான உணவு கொள்ளலாம். அவ்வாறு உண்பவருக்கு மாதம் 2 கிலோ அரிசியும், உண்ணாதவருக்கு 4 கிலோ அரிசியும் விலையின்றி அளிப்பது ஏற்பாடு. குழந்தைகளுக்கு நடுவே தட்டை நீட்டுவதா என்று கூசி ஒதுங்கும் பெரியவர்களை நினைக்கையில் மனம் வருந்துகிறது. வாழ்நாள் முழுதும் வயலிலும் சூளையிலும் உழைத்துத் தேய்ந்தவர்கள், தங்களுக்கென்று அரசு ஒதுக்கிய சோற்றைக் கேட்பதில் கூசுவதற்கு என்ன இருக்கிறது?

இனி, பந்தியில் என்ன பரிமாறுவது என்ற கேள்வி. அந்தந்தப் பருவத்தில் மலிவாய் விளைவதே பெரும்பாலும் முதியோருக்கு இதமாகவும் இருக்கிறது. ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில்களில் வார்க்கும் கூழையே எடுத்துக்கொள்ளுங்கள்: கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யரிசி குழைய வெந்துவரும்போது அதில் ஊற்றிக் கட்டி தட்டாமல் துடுப்பால் கிளறி, ஆறியபின் மோர் விட்டுச் சின்ன வெங்காயம் அரிந்துபோட்டுக் கொடுக்கிறார்கள். பல்லில்லாதவரும் சிரமமின்றி விழுங்கலாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. வருஷத்துக்கொரு முறை அம்மனுக்காக வார்ப்பதை, அந்த ஊர்ப் பெரியவர்களுக்கென்று வாரத்துக்கொரு முறை வார்க்கலாகாதா? கோடையில் வெள்ளரிப்பிஞ்சும் நுங்கும் நீர்மோரும், சுரை புடலை பீர்க்கு முதலிய நீர்க்காய்களும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தூதுவளை ரசமும் மிளகு ரசமும் சுடச்சுட. மார்கழி தையில் பச்சை மொச்சையை ஊறவைத்துத் தோல் பிதுக்கிச் செய்யும் பிதுக்குப் பருப்புக் குழம்பும், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும், நெல்லிக்காயும். தோல் நீக்கிய மொச்சை மெல்லாமலே கரைவதாதலால், மாமிசம் உண்ணாத முதியோருக்குப் பனிக்காலத்தில் அதனினும் நல்ல புரத உணவு எளிதில் வாய்ப்பதில்லை.

ஆயினும், பருவ உணவு யாவும் எல்லாருக்கும் ஆகும் என்று எண்ணிவிடலாகாது. சிறுநீரகம் பழுதுற்றவருக்கு இளநீரும் சில கீரைகளும் பொட்டாசியத்தை மிகுவித்து இருதயத்தின் துடிப்பையே குலைக்கக்கூடும். ரத்தம் உறையாதிருக்க வார்ஃபாரின் வகை மாத்திரை உட்கொள்பவர், திடீரென்று கீரையைக் கூட்டுவதும் குறைப்பதும் மருந்தின் வேகத்தை மாற்றிவிடும். பனங்கருப்பட்டியும் சர்க்கரைதான், மதுமேகம் உள்ளவர் அதையும் சர்க்கரையைப் போலவே ஒதுக்கவேண்டும். ரத்த அழுத்தக்காரருக்கு ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் உப்பின் மறுவடிவங்களே. பந்தி நடத்துவோர் கவனிக்கவேண்டியது இன்னொன்று: காலையில் வடித்த சோற்றை மூடிவைத்து மாலையில் விநியோகிக்கும் வழக்கம் கூடவே கூடாது, வெதுவெதுப்பான சோற்றில் பெருகும் சிலவகைக் கிருமிகளின் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. வாலிபன் ஒருவனுக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கோடு தீர்ந்துவிடும் சங்கதி, எண்பது வயதுக்காரருக்கு உயிராபத்தாய் முடியலாம். அன்னதானம் என்ற காரணத்தால் அதன் சுத்தத்தைப் பற்றி விசாரிக்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. கெட்டுப்போன உணவைக் குறித்து மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் யாரும் புகார் செய்யலாம்.

உதவித்தொகையே கிடைக்காத ஏழை முதியவர், வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். 2023 ஆகஸ்டு முதல் அத்தொகை மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு வசதியிருந்தும் சோறு போடவில்லையென்றால் விஷயம் வேறு. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்பு, நலச் சட்டம், பராமரிப்பு என்பதில் உணவையே முதலில் வைத்து, உடை, உறைவிடம், வைத்தியம் ஆகியவற்றையும் சேர்த்திருக்கிறது. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலுள்ள தீர்ப்பாயத்தில், வழக்கறிஞரை அமர்த்தாமல், தாமே எழுதிய மனுவைக் கொடுத்தாற் போதும். 90 நாளைக்குள் விசாரித்து முடிக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் மேலும் 30 நாள். மாதம் 10,000 ரூபாய் வரையில் ஜீவனாம்சம் விதிக்கலாம். பிள்ளையில்லாதவர், தம் சொத்துக்கு வாரிசாகும் உறவினரிடமும் கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் நடமாட்டம் இல்லாதவரும் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில், காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை கட்டணமின்றிப் பேசி யோசனை கேட்கலாம்.

எல்லாவற்றிலும் அதிகமாக ஏமாறும் இடம் சார்பதிவாளர் அலுவலகந்தான். வீட்டையும் நிலத்தையும் பிள்ளை பேருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, மறு வருஷமே வேளாவேளைக்குச் சோற்றுக்கு ஏங்கி நிற்கும் தாய் தந்தையர் எத்தனையோ பேர். எழுதுவதென்றே தீர்மானித்தால், தம் ஆயுள் பரியந்தம் உணவும் வைத்தியமும் உள்ளிட்ட பராமரிப்பைச் செய்யவேண்டும் என்ற நிபந்தனையின்பேரிலேயே கொடுப்பதாக ஒரு வாசகத்தைப் பத்திரத்தில் சேர்க்கும்படி ஆவண எழுத்தரிடம் வற்புறுத்திச் சொல்லுங்கள். அந்த வாசகம் இருந்து, பிள்ளை அதை மீறினால், அச்சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தைச் செல்லாதென்று தீர்ப்பாயமே அறிவிக்க இடமுண்டு. இல்லாதபோது, அந்த நிபந்தனை சொல்லாமலே அடங்கியிருந்தது என்று நிரூபிக்கும் பாரம் முதியவர் தலையில் விழுந்து, வழக்கு மேல்நீதிமன்றங்கள் வரையில் இழுபடக்கூடும்.