கம்ப்யூட்டர் ஆம்பூரில்... ஃபைல் தேவை சென்னையில்! - தூரத்திலிருந்து திறக்கும் வழிகளும், கவனிக்க வேண்டிய ஆபத்துகளும்

சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் தோல் கண்காட்சி நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாலில் நிற்கும் ஆம்பூர்க்காரரிடம் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர், போன சீசனில் அனுப்பிய ஷூ அப்பரின் விலைப்பட்டியலைக் கேட்கிறார். ஃபைல் இருக்கிறது, ஆனால் ஆம்பூர் வீட்டுக் கம்ப்யூட்டரில். வீட்டுக்கு போன் போட்டு, "அந்த மஞ்சள் ஃபோல்டரைத் திற, அதுக்குள்ள இன்னொண்ணு இருக்கும் பாரு" என்று தம்பிக்கு வழி சொல்லி முடிப்பதற்குள், வந்தவர் அடுத்த ஸ்டாலுக்குப் போய்விடுவார்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் சின்ன யூனிட்டுகள் பலவற்றில் டேலி கணக்கு, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான் இருக்கும். பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைக்குத் திடீரென மார்க் ஷீட் ஸ்கேன் தேவைப்பட்டாலும் இதே கதைதான். இதற்கெல்லாம் பஸ் ஏறி ஊருக்கு வர வேண்டியதில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரை இருந்த இடத்திலிருந்தே திறக்கலாம்.

முதலில் சுலபமான வழி

உங்களுக்கு வேண்டியது சில ஃபைல்கள் மட்டும்தான் என்றால், முழுக் கம்ப்யூட்டரையும் திறக்கவே தேவையில்லை. கூகுள் டிரைவில் 15 ஜி.பி, மைக்ரோசாஃப்ட் ஒன்டிரைவில் 5 ஜி.பி இடம் இலவசமாகக் கிடைக்கிறது. இவற்றின் சாஃப்ட்வேரைக் கம்ப்யூட்டரில் நிறுவி, முக்கியமான ஃபோல்டரை அதோடு இணைத்துவிடுங்கள். அந்த ஃபோல்டரில் நீங்கள் சேமிப்பது தானாகவே இணையத்துக்கும் போய்விடும். வீட்டில் கரன்ட் இல்லாவிட்டாலும், கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும், ஏற்கெனவே மேலே ஏறிய ஃபைலை மொபைலிலேயே திறக்கலாம்.

முழுக் கம்ப்யூட்டரும் வேண்டுமா?

டேலியைத் திறந்து பார்க்க வேண்டும், எந்த ஃபோல்டரில் வைத்தோம் என்றே நினைவில்லை என்றால், வீட்டுத் திரையை அப்படியே உங்கள் கைக்குக் கொண்டுவரும் 'ரிமோட் அக்சஸ்' சாஃப்ட்வேர் தேவை. டீம்வியூவர், எனிடெஸ்க், தமிழ்நாட்டிலிருந்து இயங்கும் ஜோஹோ நிறுவனத்தின் ஜோஹோ அசிஸ்ட் எனப் பல இருக்கின்றன. வீட்டு உபயோகத்துக்கு எளிதானது, இலவசமான குரோம் ரிமோட் டெஸ்க்டாப்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் குரோம் பிரவுசரைத் திறந்து, கூகுளின் ரிமோட் டெஸ்க்டாப் பக்கத்துக்குப் போங்கள். முகவரி கூகுள் டாட் காம் என்றுதான் முடிகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே உங்கள் ஜிமெயில் கணக்கில் நுழைந்து, சாஃப்ட்வேரை நிறுவி, கம்ப்யூட்டருக்கு ஒரு பெயரும் குறைந்தது 6 இலக்க பின் நம்பரும் கொடுத்தால் போதும். வெளியூரில் வேறு கம்ப்யூட்டரில் அதே ஜிமெயிலில் நுழைந்து பின் நம்பரைத் தட்டினால் வீட்டுத் திரை தெரியும். பக்கவாட்டுப் பட்டியலில் ஃபைலைப் பதிவிறக்கும் வசதியும் உண்டு.

இது எப்படி நடக்கிறது? வெளியிலிருந்து யாரும் உங்கள் வீட்டு இன்டர்நெட்டுக்குள் நேராக நுழைவதில்லை. வீட்டுக் கம்ப்யூட்டர்தான் அந்த நிறுவனத்தின் சர்வரோடு எப்போதும் தொடர்பில் காத்திருக்கிறது. நீங்கள் வெளியிலிருந்து அழைக்கும்போது, சர்வர் இருவரையும் இணைத்துவைக்கிறது.

விண்டோஸிலேயே ரிமோட் டெஸ்க்டாப் வசதி இருக்கிறதே என்று கேட்கலாம். விண்டோஸ் 'ஹோம்' பதிப்பு இருக்கும் கம்ப்யூட்டரை அந்த வசதியால் வெளியிலிருந்து திறக்க முடியாது, 'புரோ' பதிப்பு வேண்டும். அதற்காக ரவுட்டரில் வழி திறந்துவிடும் வேலையை மட்டும் செய்யாதீர்கள். அப்படித் திறந்து கிடக்கும் கம்ப்யூட்டர்களைத் தேடிப்பிடித்து, ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் கும்பல்கள் உலகம் முழுக்க இருக்கின்றன.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

- கம்ப்யூட்டர் தூங்கினால் தொடர்பும் போய்விடும். செட்டிங்ஸில் 'ஸ்லீப்' வசதியை நிறுத்திவையுங்கள். திரை மட்டும் அணையலாம்.
- கரன்ட் கட் ஆனால் கம்ப்யூட்டருக்கு மட்டும் யு.பி.எஸ் இருந்து பயனில்லை. ரவுட்டரையும் அதில் இணையுங்கள்.
- ஏற்றுமதி வேலைக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருப்பவர்கள் அதைக் கம்ப்யூட்டரிலேயே செருகிவிட்டுப் போகாதீர்கள். தூரத்திலிருந்து உள்ளே வருபவர், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குச் சமம்.
- ஜிமெயிலுக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பு போடுங்கள். அந்தப் பாஸ்வேர்டு யார் கையில் இருக்கிறதோ, அவர் உங்கள் வீட்டு வாசலில் நிற்பதாக அர்த்தம்.
- பிரவுசிங் சென்டரில் இதைத் திறக்காதீர்கள். தட்டும் எழுத்தையெல்லாம் பதிவுசெய்யும் சாஃப்ட்வேர் அங்கே இருந்தால் உங்களுக்குத் தெரியாது. உங்கள் மொபைலோ, நம்பிக்கையானவரின் லேப்டாப்போ போதும்.

இதே கதவில் திருடனும் வருவான்

2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, எனிடெஸ்க் ஆப்பின் பெயரைச் சொல்லியே வங்கிகளை எச்சரித்தது. ஆப்பில் எந்தக் கோளாறும் இல்லை. மோசடிக்காரர்கள் போன் செய்து, ஏதோ காரணம் சொல்லி அந்த ஆப்பை நிறுவ வைப்பார்கள். அதில் தோன்றும் 9 இலக்க எண்ணைக் கேட்பார்கள். அதைச் சொல்லி, அனுமதியும் கொடுத்துவிட்டால் போன் அவர்கள் கட்டுப்பாட்டில். பிறகு திரையில் வரும் ஓ.டி.பி-யை நீங்கள் சொல்லவே வேண்டாம், அவர்களே படித்துக்கொள்வார்கள்.

இதைத்தான் வீட்டில் பெரியவர்களிடம் சொல்லிவைக்க வேண்டும். நாமே முன்கூட்டி, நம் கணக்கில், நம் கம்ப்யூட்டரில் அமைத்துக்கொண்டால் அது வசதி. போனில் பேசும் ஒருவர் 'இதை இன்ஸ்டால் பண்ணுங்க' என்று சொல்லி நாம் செய்தால் அது மோசடி. பேங்க், கே.ஒய்.சி, கரன்ட் பில், ரீஃபண்ட் என்று அவர் எந்தப் பெயரைச் சொன்னாலும் சரி, போனை வைத்துவிடலாம்.

ஏற்கெனவே அப்படிச் செய்துவிட்டீர்களா? உடனே இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கிக்கும், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் அழையுங்கள். பணம் வேறு கணக்குகளுக்குக் கைமாறும் முன் புகார் போனால், அதை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். பிறகு அந்த ஆப்பை நீக்கி, பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

எல்லாம் அமைத்தாயிற்று என்றால், ஊருக்குக் கிளம்புவதற்கு ஒரு நாள் முன்பே சோதித்துப் பாருங்கள். மொபைலில் வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து பாருங்கள். திறந்தால் நிம்மதியாக பஸ் ஏறலாம். திறக்கவில்லையா? கம்ப்யூட்டர் பக்கத்து அறையில்தானே இருக்கிறது, இப்போதே சரிசெய்துவிடலாம்.