சிறிய எழுத்துகள் – 9: மூன்று டாலர் முப்பது சென்ட்

அமெரிக்காவில் வெரைசன் நிறுவனத்தின் போஸ்ட்பெய்டு செல்போன் பில்லில், திட்டத்தின் மாதக் கட்டணம் தனியாகத் தெரியும். அதையும் தாண்டிக் கீழே போனால், கூடுதல் கட்டணங்கள் என்ற பகுதியில் ‘நிர்வாகக் கட்டணம்’ என்று ஒரு வரி. ஒரு இணைப்புக்கு மாதம் 1.95 டாலராக இருந்தது, 2022 ஜூனில் 3.30 ஆனது. அரசாங்கம் சம்பந்தப்பட்ட கட்டணங்களோடு ஒட்டி உட்கார்ந்திருப்பதால் இதுவும் ஏதோ வரி என்றுதான் படுகிறது. ஆனால் இது அரசு விதித்தது அல்ல, கம்பெனி தானாக விதித்தது. விளம்பரத்தில் சொன்ன மாத வாடகையில் இது சேர்த்தியில்லை. அந்த விலையில் நாலு இணைப்பு வைத்திருந்த குடும்பம் ஒரு வருடத்தில் இதற்காக மட்டும் கட்டியது 158 டாலர் 40 சென்ட்.

இந்தப் பணத்துக்காக யார் கோர்ட்டுக்குப் போவார்கள்? வக்கீலை ஒரு மணி நேரம் பார்ப்பதற்கே இதைவிட அதிகம் ஆகும். தொகை சிறியது என்பதுதான் இத்தகைய கட்டணங்களுக்குப் பெரிய பாதுகாப்பு. அதை உடைக்க அந்த நாட்டுச் சட்டம் கொடுத்த கருவி கூட்டு வழக்கு. ஒரு சிலர் வழக்குப் போடுவார்கள், அதே பாதிப்புக்கு ஆளான லட்சக்கணக்கானோருக்கும் சேர்த்துத் தீர்ப்பு வரும்.

அந்தக் கருவியையும் ஒப்பந்தத்தின் பொடி எழுத்து பறித்துக்கொண்டது. தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகக்கூடாது, நடுவரிடம்தான் போக வேண்டும், அதுவும் ஆளுக்கு ஆள் தனித்தனியாக. இலவசம் என்று விளம்பரம் செய்த போனுக்கு 30.22 டாலர் விற்பனை வரி வாங்கிவிட்டார்கள் என்று ஒரு கலிபோர்னியாத் தம்பதி ஏ.டி. அண்ட் டி. செல்போன் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2011 ஏப்ரலில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அந்த விதி செல்லும் என்று தீர்ப்பானது. 30 டாலருக்காகத் தனியாக எந்த வக்கீல் வருவார் என்று நீதிபதி ப்ரேயர் தன் மாறுபட்ட தீர்ப்பில் கேட்டார். இன்றுவரை அதற்கு நேரான பதில் இல்லை.

வெரைசன் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரே வக்கீல் நிறுவனம் ஒரே மாதிரியான புகார்களை மொத்தமாகக் கொண்டுவந்தால், ஒரு தடவைக்குப் பத்துப் புகார்தான் நடுவர் முன் போகும், மற்றவை வரிசையில் காத்திருக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. நிர்வாகக் கட்டணத்தை எதிர்த்து ஒரு தரப்பு வக்கீல்களிடம் சேர்ந்திருந்தவர்கள் 2,712 பேர். இவர்கள் எல்லோருடைய முறையும் வந்து முடிய சுமார் 156 ஆண்டுகள் ஆகும் என்று 2022-ல் சான் பிரான்சிஸ்கோவில் நீதிபதி எட்வர்ட் சென் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த ஒப்பந்தத்தின்படி நடுவரிடம் அனுப்ப மறுத்தார். இந்த விவகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. காகிதத்தில் நியாயமாகத் தெரியும் ஒரு விதியை, ஆட்களின் எண்ணிக்கையை வைத்துச் சாதாரணப் பெருக்கல் வகுத்தலில் அம்பலமாக்கிவிட்டார்.

2023-ல் சமரசம் வந்தது. இதே கட்டணத்தை எதிர்த்து நியூ ஜெர்சி கோர்ட்டில் போடப்பட்ட வழக்கில் 10 கோடி டாலர் தருவதாக வெரைசன் ஒப்புக்கொண்டது, தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. 2016 ஜனவரி முதல் 2023 நவம்பர் 8 வரை இந்தக் கட்டணத்தைக் கட்டியவர்கள் படிவம் அனுப்பலாம் என்றார்கள். அடிப்படையாக 15 டாலர், இணைப்பு வைத்திருந்த மாதத்துக்கு ஒரு டாலர், அதிகபட்சம் 100 என்று அறிவிப்பில் இருந்தது. கூடவே, படிவங்கள் குவிந்தால் தொகை குறையும் என்ற வரியும் இருந்தது. குவிந்தன. வக்கீல் கட்டணமும் நிர்வாகச் செலவும் கழிந்த பிறகு, பலருக்கு வந்து சேர்ந்தது சில டாலர்கள்தான்.

வக்கீல்கள் தின்றுவிட்டார்கள் என்று திட்டுவது சுலபம். அவர்கள் இல்லாவிட்டால் இந்தச் சில டாலரும் கிடைத்திருக்காது. என் கோபம் வேறு இடத்தில். சமரசத்தின்படி வெரைசன் மாற்ற வேண்டியிருந்தது ஒப்பந்தத்தில் அந்தக் கட்டணத்தை விளக்கும் வாசகத்தை. கட்டணத்தை நிறுத்த வேண்டியதில்லை. சமரசத்துக்குப் பிறகும் அது பில்லில் தொடர்ந்தது.

கேட்காமலே பில்லில் ஏறிய மாதம் 9.99 டாலர் எஸ்.எம்.எஸ். சந்தாக்களையும், அதில் செல்போன் கம்பெனிகள் எடுத்துக்கொண்ட பங்கையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)