வேடந்தாங்கல்: கரைக்கு வெளியேயும் சரணாலயம்தான்

டிக்கெட் வாங்கி உள்ளே போனால் ஏரிக்கரை, தொலைநோக்கி, காவல் கோபுரம். வேடந்தாங்கல் சரணாலயம் இவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். ஆனால் 1998இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரை விரிகிறது. வயல், குட்டை, பக்கத்து ஏரிகள், நீங்கள் வண்டியை நிறுத்தி டீ குடிக்கும் சாலையோரம் எல்லாமே அதற்குள் அடக்கம். இதற்குக் காரணம் இருக்கிறது. பறவைக்குக் கூடு ஏரி மரத்தில், இரை வெளியே வயலில். நத்தை குத்தி நாரை நெல் வயலில் நத்தை பொறுக்கித்தான் குஞ்சை வளர்க்கிறது.

பறவைக்கும் வயலுக்குமான இந்த உறவை ஊர் மக்கள் அரசுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது அவர்கள் முறையிட்டதால், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டர் லயோனல் பிளேஸ் பாதுகாப்பு உத்தரவு எழுதிக் கொடுத்தார். இன்று வேடந்தாங்கல், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் உள்ள ராம்சர் தலமும்கூட. 2022இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பார்வையாளரை நேரடியாகக் கட்டுப்படுத்துகிறது. சரணாலயத்தில் குப்பை போடுவதையும் விலங்கு, பறவைகளைச் சீண்டுவதையும் பிரிவு 27 தடுக்கிறது. ‘வேட்டை’ என்றால் துப்பாக்கி என்று எண்ண வேண்டாம். முட்டையைச் சேதப்படுத்துவதும், கூட்டைக் கலைப்பதும், பறவையை விரட்டுவதும், இரை வைத்துப் பிடிக்கப் பார்ப்பதும் சட்டத்தின் பார்வையில் வேட்டையே. சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். நல்ல படம் வேண்டும் என்று கைதட்டியும் கல்லெறிந்தும் கூட்டத்தைக் கிளப்பி விடுபவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். தாய்ப்பறவை எழுந்து பறந்தால் முட்டையும் குஞ்சும் வெயிலில் வாடும். காத்திருக்கும் காகம் ஒரு நொடியில் கொத்திச் செல்லும். டிரோனை அனுமதியில்லாமல் எடுத்துச் செல்லவே வேண்டாம்.

உங்கள் பாதுகாப்புக்கும் சில வார்த்தைகள். செத்துக் கிடக்கும் பறவையைத் தொடாதீர்கள், பறவைக்காய்ச்சலாக இருக்கக்கூடும். வனக் காவலரிடம் சொல்லுங்கள். கரையோரப் புதரில் பாம்பு இருக்கும், செருப்பைவிட ஷூ நல்லது. கடித்துவிட்டால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடாது. 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகச் செல்லுங்கள்.

விதிமீறலைக் கண்டால் என்ன செய்வது? படம், நேரம், இடம், வண்டி எண் ஆகியவற்றைக் குறித்து வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள். வாய்வழிப் புகார் காற்றோடு போய்விடும். நடவடிக்கை என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்கும் அசையாவிட்டால், 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் நேரடியாக நீதிமன்றத்தில் புகார் செய்யலாம் என்கிறது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 55. பலருக்கும் தெரியாத உரிமை இது.

கழிவுநீர் கலப்பு, குப்பைக் கொட்டல் போன்றவற்றுக்குச் சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. வழக்குக்குக் காரணம் எழுந்த 6 மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். ஆனால் வனவிலங்குச் சட்டம் அதன் வரம்பில் வராது. ஆகவே மனுவை நீர் மாசுத் தடுப்புச் சட்டம், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 2017 ஈரநில விதிகள் ஆகியவற்றின் அடிப்படையில் எழுதுங்கள்.

2020இல் அந்த 5 கி.மீ. எல்லையை 3 கி.மீ. ஆகக் குறைக்க முன்மொழிவு வந்தது. எதிர்ப்பு கிளம்பியது, பின்னர் அந்த முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. ஆகவே அடுத்த முறை போகும்போது டிக்கெட் கவுன்டருக்கு முன்பே, அந்த 5 கி.மீ. தொடங்கும் இடத்திலேயே ஹார்னை நிறுத்துங்கள். குப்பையை உங்கள் பையிலேயே வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.