மண் இல்லாமல் கீரை: எக்ஸெல் காட்டிக் கொடுத்த தவறு

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. பாட்டு கேட்கிறோம், படம் பார்க்கிறோம். இன்னும் என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்காக என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

நான் சென்னையில் சாஃப்ட்வேர் எஞ்சினியர். ஊரில் கொல்லைக் கீரை பறித்தே பழகிய அம்மா, என்னோடு நான்காவது மாடி ஃபிளாட்டுக்கு வந்தார். இங்கே மண்ணும் இல்லை, வெயிலும் இல்லை. அவருக்காகத்தான் ஹைட்ரோபோனிக்ஸில் இறங்கினேன். மண்ணுக்குப் பதில், சத்துகள் கரைத்த தண்ணீரில் செடி வளர்க்கும் முறை இது.

என்னென்ன தேவை?

மூடியுள்ள, ஒளி புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று வேண்டும். ஒளி புகுந்தால் பாசி பிடிக்கும். மூடியில் துளையிட்டு, தென்னை நார்த்தூள் நிரப்பிய வலைக் கப்புகளைப் பொருத்துங்கள். சத்துக் கரைசல் ஏ, பி என இரண்டு பாட்டில்களில் கிடைக்கும். இரண்டையும் நேரடியாகக் கலக்காதீர்கள்; சத்துகள் படிந்துவிடும். தண்ணீரில் ஒவ்வொன்றாக ஊற்றுங்கள். பி.எச். அளவு 5.5 முதல் 6.5 வரை இருக்கட்டும். வெள்ளை எல்.இ.டி. விளக்கை டைமரில் மாட்டி, தினமும் 14 மணி நேரம் எரிய விடுங்கள். டப்பாவைக் கம்ப்யூட்டர் மேஜையில் மட்டும் வைக்காதீர்கள்!

எங்கே தவறியது?

மோட்டார் தேவைப்படாத கிராட்கி முறையைத்தான் தேர்ந்தெடுத்தேன். ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி உருவாக்கியது. மூன்று வாரம் பாலக் தளதளவென்று வளர்ந்தது. பிறகு தண்ணீரில் நின்றபடியே வாடியது. மறுபடி விதைத்தோம், மறுபடியும் அதே கதை. "என் கை ராசியில்லப்பா, ஊருக்கே போயிடறேன்" என்றார் அம்மா.

அன்றிரவு எக்ஸெல் ஃபைலைத் திறந்தேன். தேதி, நீர்மட்டம், பி.எச்., செடியின் நிலை என நான்கே பத்திகள். தினமும் அம்மா சொல்லச் சொல்ல நான் டைப் செய்தது. இரண்டு முறையும், நீர்மட்டம் 'முழுசு' என்று பதிவான மறுநாளே 'வாட்டம்' என்று இருந்தது!

விஷயம் இதுதான். நீர் குறையக் குறைய, மேலே வெளிப்படும் வேர்கள் காற்றைச் சுவாசிக்கப் பழகுகின்றன. திடீரென்று டப்பாவை நிரப்பினால் அவை மூழ்கி மூச்சுத் திணறும். நிரப்பச் சொன்னதே நான்தான். அதை அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். இப்போது பாதி அளவுக்கு மேல் ஊற்றுவதில்லை.

நீங்களும் செய்யலாம்

எக்ஸெல்லைத் திறந்து முதல் வரிசையில் தலைப்புகளை டைப் செய்யுங்கள். தேதிக் கட்டத்தில் கண்ட்ரோல் கீயுடன் அரைப்புள்ளி கீயை அழுத்தினால் அன்றைய தேதி தானே வந்துவிடும். மறக்காமல் சேவ் செய்யுங்கள்.

முதலில் வெந்தயக்கீரை போடுங்கள்; சுமார் 25 நாளில் பறிக்கலாம். கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்துப் போடுங்கள். முளைக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், பொறுத்திருங்கள்.

இப்போது தேதியை டைப் செய்வது அம்மாதான்.