தாங்கிய ஒருவர்

தந்தையின் குடியும் தாயின் கண்ணீருமாய்க் கழியும் வீட்டில் வளரும் பிள்ளையைக் கண்டதும், "இதன் வாழ்வு அவ்வளவுதான்" என்று தீர்ப்பிட்டுவிடுகின்றோம். அவசரத் தீர்ப்பு அது. ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் 1955ஆம் ஆண்டு பிறந்த 698 பிள்ளைகளை, உளவியலாளர் எமி வேர்னர் தம் குழுவினருடன் பல தசாப்தங்கள் தொடர்ந்து ஆராய்ந்தார். வறுமை, பெற்றோரின் பிணக்கு, குடி, மனநோய் எனப் பல சுமைகளோடு வளர்ந்தவர்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் திறமையும் பரிவும் மிக்கவர்களாய் உருவாகினர். ஏனையோரிலும் பலர் நடுவயதுக்குள் தேறினர். அவர்களைத் தாங்கியவற்றுள் முதன்மையானது, சிறுபராயத்தில் வாய்த்த நம்பத்தக்க ஓர் உறவு. அது எப்போதும் பெற்றோராகவே இருக்கவில்லை. பாட்டி, மூத்த சகோதரி, ஆசிரியை, சிலவேளை அயலவர். உங்கள் மறைக்கல்வி வகுப்பின் கடைசி வாங்கில் பேசாதிருக்கும் பிள்ளையை வரும் ஞாயிறு பெயர்சொல்லி அழையுங்கள். அடுத்த ஞாயிறும் அழையுங்கள்.